மேரியம்மாவின் ஒருசந்தி

2019 மார்ச் 8, வெள்ளிக்கிழமை. திருமுல்லைவாயிலிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் பேருந்து, அங்கிருந்து நசரத்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. வழக்கம்போல ஆறரைக்கு முதியோர் இல்லத்தில் இருந்தேன். இரவுப் பணி நர்ஸிடம் பொறுப்பை வாங்கினேன். யாரும் விழவில்லை, யாருக்கும் காய்ச்சல் இல்லை, எட்டாம் அறை ஐயாவுக்கு மட்டும் தூக்கம் சரியில்லை. கை கழுவிவிட்டு, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஐந்து பேருக்கும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். பிறகு ஊசி. பிறகு சாப்பாட்டு அறை. அன்று இட்லி, தேங்காய்ச் சட்னி, சாம்பார். மகளிர் தினம் என்பதால் ஒரு வாளி நிறைய ரோஜாப்பூ வந்து இறங்கியிருந்தது. காலைச் சிற்றுண்டி முடிந்த பிறகு கூடத்தில் எல்லாப் பெண்களுக்கும் பூக் கொடுப்பதாக ஏற்பாடு.

அந்த நாளை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. போன மாதம் நான் ஓய்வு பெற்றேன். பிரிவு உபசார நாளில், என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் சாப்பாட்டு அறையில் புதிதாக மாட்டியிருக்கும் கேமராக்களைக் காட்டினாள். "இனிமே யாரு சாப்ட்டாங்க, யாரு சாப்டலைன்னு ஸ்க்ரீன்லயே தெரிஞ்சிடும்க்கா. அவங்க பின்னாடியே சுத்த வேணாம்" என்றாள். நல்ல வசதிதான். "மேரியம்மா மாதிரி ஒருத்தங்க வந்தா?" என்று கேட்டேன். "அது யாருக்கா?" என்றாள். சொல்ல ஆரம்பிப்பதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டுவிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதுதான் இது.

என் படிப்பு பெரியதல்ல. நர்ஸிங் பயிற்சி முடித்து, ஆவடியிலும் அம்பத்தூரிலும் சின்ன மருத்துவமனைகளில் நெடுநாள் வேலை பார்த்தேன். அங்கே நோயாளி சில நாள் இருப்பார், குணமாகிப் போய்விடுவார். படுக்கச் சொன்னால் படுப்பார், சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார். ஐம்பது வயதை நெருங்கும்போது முதியோர் இல்லத்துக்கு வந்தேன். இங்கே யாரும் குணமாகிப் போவதற்காக வரவில்லை. வாழ்வதற்காக வந்திருந்தார்கள். இந்த வேறுபாடு எனக்குப் புரியச் சில மாதங்கள் ஆயின. புரிய வைத்தவர் மேட்ரன் ஷீலா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். என்னை "வசந்தாக்கா" என்றுதான் கூப்பிடுவார். ஆனால் வேலையில் அவர் சொல்வதுதான் சட்டம்.

ஷீலாவின் நடைமுறைகள் முதலில் எனக்கு எரிச்சலூட்டின. அறைக் கதவைத் தட்டுவார். பதில் வரும்வரை நிற்பார். காது கேளாதவர் அறையென்றால் கதவை லேசாகத் திறந்து விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவார். உள்ளே இருப்பவர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் காலெடுத்து வைப்பார். எவரிடமும் நின்றுகொண்டு பேசமாட்டார். ஒரு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் கண்ணுக்குக் கீழே தன் கண் இருக்கும்படி உட்கார்ந்துகொள்வார். எங்களில் யாராவது அவசரத்தில் "இன்னைக்குக் குளிச்சாச்சா நாம?" என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்டுவிட்டால், அங்கே ஒன்றும் சொல்லமாட்டார். வெளியே வந்ததும், "நீங்க குளிச்சீங்களா இல்லியான்னு அவங்க கேக்கலையேக்கா" என்பார். அவ்வளவுதான்.

நான் சேர்ந்த புதிதில், அடிக்கடி எழுந்து தடுமாறி விழும் ஓர் அம்மாவைப் பணிப்பெண்கள் ஈரிழைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கோபத்தில் அல்ல, பாசத்தில். விழுந்து இடுப்பு உடைந்தால் யார் பதில் சொல்வது? ஷீலா துண்டை அவிழ்த்தார். "எதுக்கும்மா எழுந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார். அந்த அம்மா கூச்சத்தோடு சொன்ன பதிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்: அவருக்கு அடிக்கடி கழிப்பறை போக வேண்டியிருந்தது, கேட்க வெட்கம். அவர் நாற்காலியைக் கழிப்பறைப் பக்கத்துக்கு மாற்றினோம். நாங்களாகவே போய்க் கேட்டு அழைத்துப் போனோம். துண்டு துவைக்கப் போனது. பிறகு நான் அங்கே வேலை பார்த்த காலமெல்லாம் யாரையும் கட்டியதில்லை.

இனி மேரியம்மா. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் தையல்காரியாகச் சேர்ந்து, லைன் சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா, வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மேரியம்மாவுக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. குரல் மட்டும் மிஷின் சத்தத்தைத் தாண்டி ஒலித்துப் பழகிய குரல். காலையில் என்னைப் பார்த்ததும், "இன்னாடி வசந்தா, லேட்டு? அரை நாள் சம்பளம் கட்!" என்பார். நெடுநாளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான் டாக்டர் இன்சுலினுக்கு மாற்றியிருந்தார்.

எங்கள் சாப்பாட்டு அறையின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டு கிடையாது. மேசைமேல் வாழையிலை போட்டுத்தான் பரிமாறுவோம்; அதுதான் அவர்களுக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடித்தவர் இலையைத் தன் பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருப்பார். பணிப்பெண் சரசு மடித்த இலையை அப்படியே வாளியில் சரித்துவிடுவாள். இலை மடிந்தால் சாப்பிட்டாயிற்று என்று பொருள். அதற்குமேல் நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. இன்னொருவர் சாப்பிட்டு மடித்த எச்சில் இலையைப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் எந்த வீட்டில் இருக்கிறது?

அன்று கூடத்தில் பூக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மேரியம்மா இரண்டாம் வரிசையில் இருந்தார். நான் ரோஜாவை நீட்டியதும், "ஏய், லைன்ல நின்னுகினு இன்னாடி பேச்சு? பீஸை எடுத்து அடுக்கு!" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் தினமும் அடிக்கும் கிண்டல்தானே. ஆனால் பூவை வாங்கக் கை நீளவில்லை. மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது. மின்விசிறி நேராக அவர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்தது.

"மேரிம்மா, நான் யாரு?" என்றேன்.

"நீ... நீ காஜா போடற பொண்ணு" என்றார். நாக்கு குழறியது. பழைய கம்பெனியில் பித்தான் துளை தைத்த யாரோ என்று என்னை நினைத்திருந்தார்.

ஷீலா கூடத்தின் மறுமுனையிலிருந்து வந்துவிட்டார். விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தொன்று; எழுபதுக்குக் கீழே இறங்கினாலே ஆபத்து. காலையில் ஊசி போட்டு, இட்லி சாப்பிட்டவருக்கு இவ்வளவு இறங்க வழியே இல்லை.

"இட்லி சாப்ட்டாங்களேக்கா!" சரசு அழ ஆரம்பித்துவிட்டாள். "எல மடிச்சிருந்துச்சு. நான்தானே எடுத்தேன்!"

குளுக்கோஸ் கரைத்த தண்ணீரை வாயருகே கொண்டுபோனேன். மேரியம்மா பற்களைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். "வாணாம். வெள்ளிக்கெயம. ஒருசந்தி." கையால் தட்டிவிட்டதில் டம்ளர் தரையில் உருண்டது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. தவக்காலம் தொடங்கி முதல் வெள்ளி. கத்தோலிக்கர்களில் நோன்பு இருப்பவர்கள் அன்று ஒரே வேளைதான் சாப்பிடுவார்கள். அதைத்தான் ஒருசந்தி என்பார்கள். முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அதிலிருந்து விலக்கு உண்டு என்பதால், எங்கள் இல்லத்தில் யாரும் இருப்பார்கள் என்று நாங்கள் நினைத்தே பார்க்கவில்லை.

மறுபடி வாயில் ஊற்றப் போன என்னை, புரையேறும் என்று ஷீலா தடுத்தார். தரையில் மண்டியிட்டு, மேரியம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டார். "மேரிம்மா, இப்போ உங்களைக் கேக்கப் போறதில்ல. பதில் சொல்ற நெலமைல நீங்க இல்ல. தெளிஞ்சதும் கேக்கறேன்" என்றார். அந்த நேரத்திலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தார். டாக்டர் போனில் இருக்க, நான் கையைப் பிடித்துக்கொள்ள, ஷீலா நரம்பில் ஊசி ஏற்றி டெக்ஸ்ட்ரோஸ் செலுத்தினார்.

சில நிமிடங்களில் மேரியம்மாவின் பார்வை நிலைக்கு வந்தது. சுற்றிலும் பார்த்தார்.

"இன்னா கூட்டம்? எவனாச்சும் பூட்டானா?"

சரசு அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

அறைக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தோம். ஷீலா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க சம்மதம் இல்லாம நரம்புல சர்க்கரை ஏத்தினேன். உங்க ஒருசந்தியைக் கலைச்சது நான்தான். அது என்னோட பொறுப்பு, உங்களுது இல்ல" என்றார்.

ஷீலா கத்தோலிக்கர் அல்ல, புராட்டஸ்டன்ட். மேரியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க சபையில நோம்பே கெடையாது. உனக்கு இன்னா தெரியும்?"

"எங்களுக்கும் தவக்காலம் இருக்கு மேரிம்மா, லெந்து நாள்னு சொல்வோம். நான்தான் சரியா இருக்கறதில்ல."

"அத்த சொல்லு."

பிறகு அவரே சொன்னார். இட்லியைப் பிய்த்து இலை முழுவதும் மெல்லிசாகப் பரத்திவிட்டு மடித்தாராம். மடித்த இலையை எவள் பிரிக்கப் போகிறாள்? இரண்டு நாள் முன்பு, தவக்காலம் தொடங்கிய திருநீற்றுப் புதன் அன்றும் அப்படித்தான் செய்தாராம். அன்று தலை சுற்றியதால் படுத்துவிட்டார். வெயில் என்று நினைத்துக்கொண்டார்.

"ஊசி போட்டுகினு சாப்பிடாம இருக்கலாமா மேரிம்மா?" என்று கேட்டேன்.

"நீதானேடி சொன்னே, ஊசி போட்டா சக்கரை கொறையும்னு. சாப்டலன்னா இன்னும் கொறையும். நல்லதுதானேன்னு நெனச்சேன்."

ஷீலா என்னைப் பார்த்தார், நான் ஷீலாவைப் பார்த்தேன். சர்க்கரை குறையும் என்று எல்லாரும் சொல்லியிருக்கிறோம். எவ்வளவுக்குமேல் குறையக் கூடாது, சாப்பாட்டுக்கும் ஊசிக்கும் என்ன உறவு என்று அவர் மகளிடம் விளக்கியிருந்தோம். அவரிடம் விளக்கவில்லை. ஊசி ஏறுவதோ அவர் உடம்பில்.

ஷீலா அங்கேயே விளக்கினார். "தையல் மிஷினை ஓட விட்டுட்டு, உள்ள துணி குடுக்காம விட்டா என்ன ஆகும்?"

"நூலு சிக்கிக்கும். பாபின் அடைச்சிக்கும்."

"ஊசி போட்டுட்டா மிஷின் ஓட ஆரம்பிச்சிடும் மேரிம்மா. துணி போட்டே ஆகணும். நிறுத்த ஸ்விட்ச் கெடையாது."

மேரியம்மா ஊசி ஏறிய இடத்தைத் தடவிப் பார்த்தார். "இத்த மொதல்லியே சொல்லியிருந்தா நான் இன்னா வாணாம்னா சொல்லப்போறேன்?" என்றார்.

மதியம் ஸ்டெல்லா வந்து சேர்ந்தார். முகம் வெளுத்திருந்தது. நிர்வாகி அவரைத் தன் அறையில் உட்கார வைத்து, ஷீலாவையும் என்னையும் கூப்பிட்டார். முடிவை அவர் ஏற்கெனவே எடுத்திருந்தார். இனி இலை கிடையாது. மேரியம்மாவுக்குப் பணிப்பெண் ஊட்ட வேண்டும். விழுங்கினாரா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். சரசுவுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை.

"அப்படியே பண்ணுங்க சார்" என்றார் ஸ்டெல்லா. "இல்லன்னா நான் வேற எடம் பாத்துக்கறேன்."

"மேரிம்மா ரூம்ல போய்ப் பேசலாம் சார்" என்றார் ஷீலா.

"எதுக்கு? அந்தம்மாவை வச்சிக்கிட்டா இதையெல்லாம் பேசறது?"

"அவங்க வாயைத்தானே தொறந்து பாக்கப் போறோம். அவங்க இல்லாம எப்படி சார் பேசறது?"

நிர்வாகி நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எல்லாரும் போனோம். கதவைத் தட்டினோம். "வாங்க வாங்க, பஞ்சாயத்தா?" என்றது உள்ளிருந்து குரல். நிர்வாகி தன் முடிவை மறுபடி சொன்னார். அந்த அறையில் அதைச் சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வாயத் தொறந்து காட்டணுமா?" மேரியம்மா எழுந்து உட்கார்ந்தார். "சந்தையில மாட்டுக்குப் பல்லு புடிச்சிப் பாக்கற மாரியா? முந்நூறு பேரை வச்சி வேலை வாங்கினவ சார் நானு."

"அம்மா, நீ செத்துப் போயிருப்பே!" ஸ்டெல்லா உடைந்துவிட்டார். "போன் வந்ததும் வேலப்பன்சாவடிலேந்து எப்படி வந்தேன்னே தெரியல. யாரு உன்னை நோம்பு இருக்கச் சொன்னா? சாமியாரே வேணாம்னு சொல்றாரு இல்ல?"

"அவரு விலக்கு குடுத்தாரு. வாங்கிக்கறதும் வாங்கிக்காததும் என் இஷ்டம்."

"எதுக்காகன்னாவது சொல்லேன்!"

மேரியம்மா போர்வையின் ஓரத்தை மடித்து நீவினார். ஸ்டெல்லா ஷீலாவின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்டயாவது சொன்னாங்களா மேடம்?"

"இல்ல. நான் கேக்கலைங்க."

"கேக்கலையா?"

"காரணம் சரியா இருந்தாத்தான் விடுவேன்னு ஆயிடும் இல்லீங்களா? அதான் கேக்கல." ஷீலா முக்காலியை ஸ்டெல்லாவின் பக்கம் நகர்த்திக்கொண்டார். "உங்க பயம் எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு. இன்னைக்கு இலையில ஒளிச்சாங்க. இலையை எடுத்தா முந்தானையில ஒளிப்பாங்க. ஊட்டினா கன்னத்துல அடக்கிக்குவாங்க. ஒளிக்கறதுலதான் ஆபத்து, ஒருசந்தியில இல்ல. வெளிப்படையா இருந்தா நாம டாக்டரைக் கேட்டு மருந்தை மாத்திக்கலாம்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வந்து நிப்பீங்களா?"

"நிப்பேன். அதனாலதான் இப்பவே பேசறேன்."

அங்கிருந்தே டாக்டரைக் கூப்பிட்டார். போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக் கட்டில்மேல் மேரியம்மாவின் பக்கத்தில் வைத்தார். டாக்டர் முதலில் முடியாது என்றார். பிறகு மேரியம்மாவிடம் நேராகக் கேள்விகள் கேட்டார். எந்தெந்த நாள், எந்த வேளைச் சாப்பாடு, தண்ணீர் குடிப்பாரா. புதனும் வெள்ளியும் மட்டும், மதியம் வயிறாரச் சாப்பாடு, தண்ணீர் உண்டு என்றார் மேரியம்மா. கடைசியில் டாக்டர் ஓர் ஏற்பாடு சொன்னார். அந்த நாட்களில் ஊசியின் அளவும் நேரமும் மாறும். காலை முழுவதும் நான் இடைவெளி விட்டு விரலில் குத்திப் பார்க்க வேண்டும். அவர் சொன்ன எல்லைக்குக் கீழே இறங்கினால், பேச்சே இல்லாமல் சர்க்கரைத் தண்ணீர். மயக்கம், வியர்வை எதுவென்றாலும் அன்றைய நோன்பு முடிந்தது. இந்த மருந்து மாற்றம் மேரியம்மாவுக்காக அவர் பார்த்துச் சொன்னது; வேறு யாருக்கும் அப்படியே பொருந்தாது.

"சக்கரைத் தண்ணியா?" மேரியம்மா யோசித்தார். "மருந்துன்னு சொல்லிக் குடு. சாப்பாடுன்னு சொன்னே, துப்பிடுவேன்."

"மருந்துதான் மேரிம்மா."

"இன்னொண்ணு. அந்தப் பொண்ணு சரசு இன்னா தப்பு பண்ணா? மடிச்ச எலையப் பிரிச்சிப் பாக்கணும்னு அவளுக்கு யாரு சொன்னா? அவளை அனுப்பினா நானும் பெட்டியத் தூக்கிடுவேன். எலையும் இருக்கட்டும். சாப்டாம இனி மடிக்க மாட்டேன். என் வார்த்தை."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு வேணும். ஒருசந்தி அன்னிக்கு மதியானம் சாப்ட்டதும் நீயே எனக்குப் போன் பண்ணணும். இவங்க பண்ணக் கூடாது. நீ."

"பண்றேண்டி. இன்னா கொழம்புன்னும் சேத்துச் சொல்றேன்."

நிர்வாகி எழுந்தார். "உங்க பொறுப்பு மேட்ரன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அவர் மீது வருத்தமாக இருந்தது. இப்போது நன்றியாகத்தான் நினைத்துக்கொள்கிறேன். தடுத்திருக்க முடியும், தடுக்கவில்லை.

அந்தத் தவக்காலத்தில் இரண்டு முறை சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க நேர்ந்தது. இரண்டு முறையும் மேரியம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம்போலக் குடித்தார். பெரிய வெள்ளியன்று ஸ்டெல்லா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, மதியம்வரை அம்மாவோடு தானும் பட்டினி இருந்தார். காரணத்தை அம்மா சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தவக்காலம் வருமுன்பே மேரியம்மா தானே டாக்டருக்குப் போன் போடச் சொல்லுவார்.

ஷீலா மற்றவர்களுக்கும் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். ஊசி போடுவதற்கு முன் அவரவரிடம் கேட்க வேண்டும்: இன்று சாப்பிடப் போகிறீர்களா? பசி இருக்கிறதா? என் காலை வேலை கொஞ்சம் நீண்டது. ஆனால் கேட்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே, பல்செட் உறுத்துவதால் பல நாளாக வெறும் சாம்பாரை மட்டும் குடித்துவிட்டு இலையை மடித்து வந்த ஓர் ஐயா, தயங்கித் தயங்கி அதை என்னிடம் சொன்னார். அவரும் ஊசி போட்டுக்கொள்பவர்தான். எத்தனை காலம் அதிர்ஷ்டத்தை நம்பி வேலை பார்த்திருக்கிறோம் என்று அன்று நினைத்தேன்.

என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். கேமரா இருக்கட்டும். கூடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால் அது உதவும். ஆனால் கேமராவும் மடித்த இலையைத்தான் பார்க்கும். ஷீலா என்னைவிடச் சின்னவர் என்பதால் அவருக்கு நன்றி சொல்ல எனக்கு எப்போதும் கூச்சமாக இருந்தது, இங்கே சொல்லிக்கொள்கிறேன். மேரியம்மாவுக்கும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள், சனிக்கிழமை காலை, இல்லத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மேரியம்மாவின் கதவைத் தட்டினேன். "வா" என்று கேட்டதும் உள்ளே போனேன். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சரியாக இருந்தது. ஊசியை எடுக்கவில்லை.

"மேரிம்மா, இன்னைக்குச் சாப்பிடப் போறீங்களா?"

"இன்னா டிபனு?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடத்தில் ஊசி போடுவதற்கு முன் அது எனக்குத் தெரிய வேண்டியிருந்ததே இல்லை. சமையலறைக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்தேன். "பொங்கல். கொத்சு."

"முந்திரி போட்டுகிறாளா?"

"அது தெரியலையே மேரிம்மா."

"கேட்டுகினு வாடி. அப்பாலதான் பதில் சொல்வேன்."

மறுபடி போனேன். மறுபடி வந்தேன். "போட்டிருக்காங்க."

மேரியம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு, "சாப்புடுவேன். போடு" என்றார். போட்டேன்.